இரு எண்கள் கூடும் இடம்

(தசலட்சணப் பருவ நிறைவை ஒட்டிய மன்னிப்பு நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உத்தமப் பொறையில் தொடங்கி உத்தமப் பிரமசரியம் வரை பத்து அறங்களைப் பற்றிப் பத்து நாள்களும் அறிஞர் பெருமக்கள் விளக்கக் கேட்டு மகிழ்ந்தோம். இன்று ஒருவரை ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் நாள். இந்த நாளில் கணக்கு வாத்தியார் ஒருவருக்கு மேடையில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். "பிள்ளைகளுக்குப் பயன்படுவதாக ஏதேனும் சொல்லுங்கள் ஐயா" என்று அறங்காவலர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே ஆறாம் வகுப்பிலே வரும் ஒரு சிறு பாடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மீச்சிறு பொது மடங்கு என்பது அதன் பெயர். இந்தப் பாடத்தில் நம் சமயத்துப் பெரியார் ஒருவருக்குச் சிறப்பான பங்கு உண்டு. எனக்கோ இதில் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று உண்டு. இரண்டையும் சொல்லி அமர்கிறேன்.

முதலில் பாடம். ஓர் ஊரில் உள்ள ஜினாலயத்தில் இரண்டு குடும்பத்தார் முறை வைத்துத் திருமஞ்சனக் கைங்கரியம் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு 12 நாளைக்கு ஒருமுறை முறை வரும். மற்றொரு குடும்பத்துக்கு 18 நாளைக்கு ஒருமுறை வரும். இன்று இருவரும் ஒன்றாகச் செய்தார்கள். இனி எத்தனை நாள் கழித்து மீண்டும் ஒன்றாகச் செய்வார்கள்?

முதற் குடும்பத்தின் முறை 12, 24, 36, 48, 60, 72 ஆகிய நாள்கள் கழித்து வரும். இரண்டாம் குடும்பத்தின் முறை 18, 36, 54, 72 ஆகிய நாள்கள் கழித்து வரும். இரு வரிசையிலும் 36 உண்டு, 72 உண்டு. இவை பொது மடங்குகள். அவற்றுள் மிகச் சிறியதாகிய 36தான் மீச்சிறு பொது மடங்கு. பெயர் நீளமானதே தவிரப் பொருள் எளிமையானது. இரண்டு வெவ்வேறு நடையினர் முதன்முதலாக மீண்டும் ஒன்று கூடும் இடம் அது.

வரிசை எழுதிப் பார்ப்பது சிறிய எண்களுக்குப் போதும். பெரிய எண்களுக்கு வேறு வழி வேண்டும். பிள்ளைகள் அறிந்த வழி இதுதான். 12, 18 ஆகிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறோம். இரண்டையும் 2 வகுக்கும். ஈவு 6, 9. அவற்றை மீண்டும் 3 வகுக்கும். ஈவு 2, 3. இனி 2க்கும் 3க்கும் பொதுவான காரணி 1 தவிர வேறில்லை, நிறுத்திக்கொள்கிறோம். பொதுவாக வகுத்த எண்களாகிய 2, 3 ஆகியவற்றையும் கடைசியில் எஞ்சிய ஈவுகளாகிய 2, 3 ஆகியவற்றையும் பெருக்கினால் 2 × 3 × 2 × 3 = 36.

இந்த வழியைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியவன் நான். இது மேனாட்டார் பாடநூல்களின் வழியே நமக்கு வந்தது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பின்னர்தான் கணித சார சங்கிரகம் என்னும் நூலைப் படிக்க நேர்ந்தது.

இந்நூலை இயற்றியவர் மகாவீராசாரியர். இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய வர்த்தமான மகாவீரர் வேறு, இவர் வேறு. இவர் கி.பி. 9ஆம் நூற்றாண்டினர், மானியகேடத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் காலத்தவர். அம்மன்னன் ஜினசேன ஆசாரியரைப் போற்றியவன். அவன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கவிராஜமார்க்கம் கன்னட மொழியின் தொன்மையான இலக்கண நூல். அத்தகைய ஆட்சியில் எழுந்த நூல் 850ஆம் ஆண்டளவினது என்பர். எண்ணறிவு என்னும் விளக்கால் உலகனைத்தையும் விளங்கச் செய்தவர் என்று ஜினேந்திரராகிய மகாவீரரை வணங்கித்தான் ஆசிரியர் நூலைத் தொடங்குகிறார். அதன்பின் பரிகர்மம், பின்னம், திரைராசிகம், பரப்பு, குழி, நிழல் என்று கணக்கின் துறைகளை ஒவ்வொன்றாக விரித்துச் செல்கிறார். இடையிடையே வரும் கணக்குகளில் ஜினாலயத்துக்கு மலர் சாத்துவோரும் வருவர், வணிகரும் வருவர்.

பின்னங்களைப் பேசும் இயலுக்குக் கலாசவர்ணம் என்று பெயர். அங்கே பின்னங்களைக் கூட்டுவதற்கு ஓர் எண்ணை வரையறுக்கிறார். பகுதிகளில் உள்ள பொதுக் காரணிகளையும், அவற்றால் வகுத்தபின் இறுதியாக எஞ்சும் ஈவுகளையும் தொடர்ந்து பெருக்கி வருவது அந்த எண். நான் இப்போது 12க்கும் 18க்கும் செய்து காட்டியது இதுவேயன்றி வேறன்று. அந்த எண்ணுக்கு அவர் இட்ட பெயர் நிருத்தம். நடனத்தைக் குறிக்கும் நிருத்தம் என்னும் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளல் ஆகாது. தடுத்து நிறுத்துதல் என்னும் பொருளுடைய வேரில் பிறந்த சொல் இது. வினை ஊற்றைத் தடுத்து நிறுத்துவதை நிரோதம் என்றும், அதனையே செறிப்பு என்றும் நாம் சொல்கிறோம் அல்லவா? அதே வேர்தான். பெருகிக்கொண்டே போகும் எண்ணை ஓர் எல்லையில் நிறுத்துவது நிருத்தம் என்று நான் பொருள் கொள்கிறேன்.

பின்னக் கணக்கைச் சுருக்குவதற்கு மீச்சிறு பொது மடங்கைப் பற்றிப் பேசிய முதல் இந்தியக் கணித ஆசிரியர் இவரே என்று விபூதிபூஷண் தத்தா, அவதேஷ் நாராயண் சிங் ஆகிய இருவரும் தம் இந்துக் கணித வரலாற்று நூலில் எழுதியுள்ளார்கள். இதைக் கேட்டவுடன் உலகுக்கே நாம்தான் கற்றுக்கொடுத்தோம் என்று மார்தட்டக் கூடாது. கி.மு. 300ஆம் ஆண்டளவில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் நூலின் ஏழாம் பகுதியில் இரண்டு எண்கள் அளக்கும் மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிக்க வழி சொல்லியிருக்கிறார். உத்தமச் சத்தியத்தைக் கொண்டாடிய நாம் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நம் ஆசாரியரின் பெருமை அதனால் ஒரு துளியும் குறையாது. பின்னக் கணக்கின் நடுவில், அன்றாடம் கணக்கிடுவோரின் கைக்கு எட்டும்படி அந்த எண்ணை வைத்து, அதற்கு ஒரு பெயரும் இட்டாரே, அது பெருமை.

அந்நூல் நம் கைக்கு வந்த வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியராக விளங்கிய எம். ரங்காசாரியர் ஓலைச்சுவடிகளையும் எழுத்துப் படிகளையும் ஒப்பிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் சென்னை அரசு அச்சகத்தின் வாயிலாக வெளியிட்டார். அதற்குப் பின்னரே உலகத்தார் இவ்வாசிரியரைப் பரவலாக அறிந்தனர். ஓராயிரம் ஆண்டுக்கு மேலாகப் பெயர் தெரியாத எத்தனையோ பேர் அதனைப் படியெடுத்துப் படியெடுத்துக் காத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் சுவடிகளைப் பற்றி இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் தமிழ்க் கணக்குக்கு வருவோம். இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களுள் சிலர் சிறுவயதில் கீழ்வாய் இலக்கம் ஒப்பித்திருப்பீர்கள். மா என்பது 1/20. மாகாணி அல்லது வீசம் என்பது 1/16. இரண்டையும் கூட்ட வேண்டும் என்றால் 20க்கும் 16க்கும் பொது மடங்கு வேண்டும். இரண்டையும் 4 வகுக்கும். ஈவு 5, 4. ஆக 4 × 5 × 4 = 80. அந்த 1/80க்குத் தமிழில் தனிப்பெயர் உண்டு. அதுதான் காணி. மா என்பது நான்கு காணி. மாகாணி என்பது ஐந்து காணி. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி என்று அச்சொல்லே கணக்கைச் சொல்லிவிடுகிறது. மாவையும் மாகாணியையும் கூட்டினால் ஒன்பது காணி, அதாவது இருமாவும் காணியும். நம் பாட்டன்மார் பொது மடங்கு என்ற பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணைத் தம் அளவு முறையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

இன்னும் பழமையான சான்று ஒன்று சொல்கிறேன். சூரியப் பிரஜ்ஞப்தி என்பது பழஞ்சமண வானநூல். அதில் ஐந்து ஆண்டு கொண்டது ஒரு யுகம். அதற்கு 1830 நாள்கள். அந்த 1830 நாளில் சூரிய மாதங்கள் 60. முப்பது நாள் கொண்ட மாதங்கள் 61. பிறை கொண்டு எண்ணும் சந்திர மாதங்கள் 62. நட்சத்திரங்களைக் கொண்டு எண்ணும் மாதங்கள் 67. நான்கு வகை மாதங்களும் ஒன்றாகத் தொடங்கினால், வெவ்வேறு நடையில் நடந்து, யுக முடிவில் மீச்சமின்றி ஒன்றாக முடியும். இதைவிடக் குறைந்த காலத்தில் நான்கும் கூட முடியுமா? முடியாது. 60, 61, 62, 67 ஆகிய நான்கையும் மீதியின்றி வகுக்கும் எண் 1 ஒன்றே. ஆகவே யுகத்தை அதைவிடச் சிறிய சம கூறுகளாக்கினால் ஏதாவது ஒரு மாதமேனும் முறிந்து நிற்கும். நான்கு நடைகளுக்கும் மீச்சிறு பொதுக்காலம் அந்த யுகமே. இன்றைய வானியல் அளவுகளோடு இவை முற்றும் பொருந்தமாட்டா. ஆயினும் வானத்தைப் பார்த்தவர்கள் முதலில் தேடியது எல்லாம் கூடும் நாளைத்தான் என்பது விளங்கும்.

காரணிகள் கண்ணுக்குத் தெரியாத எண்கள் வந்தால் என்ன செய்வது? 391, 437 ஆகிய எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குப் பொதுக் காரணி உண்டா என்று பார்த்தவுடன் சொல்ல இயலாது. அப்போது ஒன்றால் ஒன்றை வகுத்துக்கொண்டே செல்ல வேண்டும். 437ஐ 391 வகுத்தால் மீதி 46. 391ஐ 46 வகுத்தால் ஈவு 8, மீதி 23. 46ஐ 23 மீதியின்றி வகுக்கும். ஆகவே 23தான் மீப்பெரு பொதுக் காரணி. இனி எளிது. ஓர் எண்ணை 23ஆல் வகுத்து மற்றதால் பெருக்குங்கள். 391ஐ 23ஆல் வகுத்தால் 17; 17 × 437 = 7429. பிள்ளைகளே, முதலில் வகுத்துப் பிறகு பெருக்குங்கள். பெருக்கிவிட்டு வகுப்பவன் வீண்சுமை சுமக்கிறான்.

இந்த வழி ஏன் சரி என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். 12இன் மடங்கு ஒன்று 18ஆலும் வகுபட வேண்டுமாயின் என்ன தேவை? 18ஐ 6 × 3 என்று பிரியுங்கள். அதில் உள்ள 6 ஏற்கெனவே 12க்குள் இருக்கிறது. இல்லாதது ஒரு 3 மட்டுமே. ஆகவே 12ஐ 3ஆல் பெருக்கினால் போதும், 36. 18ஆல் பெருக்கினால் 216 வரும். அதுவும் பொது மடங்கே. ஆனால் இருக்கும் 6ஐ மீண்டும் ஒருமுறை சேர்த்துக்கொண்டதாகும். வீட்டில் ஒரு பொருள் இருக்க, அதையே இன்னொன்று வாங்கி வைப்பது போன்றது. பொருளாசை அளவு விரதம் மேற்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டா.

இப்போது என் கடனுக்கு வருகிறேன்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. ஒரு நாள் 5/12ஐயும் 7/18ஐயும் கூட்டச் சொல்லிக் கணக்குக் கொடுத்தேன். ஒரு மாணவி பகுதிகள் இரண்டையும் அப்படியே பெருக்கி 216 என்று வைத்துக்கொண்டு, 90ஐயும் 84ஐயும் கூட்டி, 174/216 என்று விடை எழுதியிருந்தாள். நான் எதிர்பார்த்தது 15/36ஐயும் 14/36ஐயும் கூட்டி வரும் 29/36. சிவப்பு மையால் அவள் கணக்கின் குறுக்கே கோடிட்டேன். அதோடு நின்றிருக்கலாம். நோட்டை வகுப்பு முழுவதுக்கும் தூக்கிக் காட்டி, ஊரைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாள் பாருங்கள் என்றேன். வகுப்புச் சிரித்தது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் நோட்டை வாங்கிக்கொண்டு போய் அமர்ந்தாள்.

பல ஆண்டுகள் கழித்து வந்தவாசிப் பக்கம் ஒரு திருமணத்தில் அவரைக் கண்டேன். தம் மகளோடு வந்திருந்தார். என்னைக் கண்டதும் வணங்கி நலம் விசாரித்தார். மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டேன். "கணக்குத்தான் சார் வரமாட்டேங்குது. நான் சொல்லிக் கொடுக்கலாம்னா, எனக்கே அன்னிக்கு விட்டுப்போச்சு" என்றார். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் குரலில் குறை ஏதும் இல்லை. அதுதான் எனக்குப் பெரும் பாரமாயிற்று.

அன்றிரவு அந்தக் கணக்கைத் தாளில் மீண்டும் போட்டுப் பார்த்தேன். 174ஐ 6 வகுத்தால் 29. 216ஐ 6 வகுத்தால் 36. 174/216 என்பதும் 29/36 என்பதும் ஒரே அளவுதான். அந்தச் சிறுமி தவறு செய்யவில்லை. எவரும் சொல்லித் தராமலே ஒரு பொது மடங்கை அவளாகக் கண்டிருந்தாள். அது மீச்சிறியது அன்று, அவ்வளவே. "சரி அம்மா, இனி இரண்டையும் 6ஆல் வகுத்துப் பார்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த 6 எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டிருப்பாள். மீப்பெரு பொதுக் காரணியை அவளே கண்டுபிடித்திருப்பாள். சொல்லாலும் உயிர்க்கு நோவு செய்யலாகாது என்று சிறுவயது முதல் கேட்டவன் நான். எறும்பை மிதிக்காமல் நடக்கக் கற்றவன், ஒரு சிறுமியின் அறிவின் மேல் மிதித்து நடந்திருக்கிறேன்.

இவ்வாண்டு பருவம் தொடங்கும் முன் அவர் இல்லத்துக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறி எழுந்து, "என்ன சார் இது, பெரியவங்க நீங்க போய்…" என்றார். பின்னர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்போ அது தப்பில்லையா சார்?" என்று கேட்டார். இல்லை அம்மா என்றேன். அவர் மகளை அழைத்தார். மூவரும் ஒரு தாளை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை இரண்டு வழியாலும் போட்டோம். அவர் அனுமதி பெற்றே இதை இங்கே சொல்கிறேன், பெயரைச் சொல்லவில்லை.

நிறைவாக ஒன்று. தொடக்கத்தில் சொன்ன இரண்டு குடும்பங்களும் ஒரே நாளில் தொடங்கியதாக வைத்துக்கொண்டோம். அப்படியின்றி, ஒருவர் முதல் நாளிலும் மற்றவர் இரண்டாம் நாளிலும் தொடங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல்வரின் முறை 1, 13, 25, 37 ஆகிய நாள்களில் வரும், எல்லாம் ஒற்றைப்படை. மற்றவர் முறை 2, 20, 38, 56 ஆகிய நாள்களில் வரும், எல்லாம் இரட்டைப்படை. எத்தனை ஆண்டு சென்றாலும் இவர்கள் ஒன்றாகத் திருமஞ்சனம் செய்யப் போவதில்லை. தொடக்கத்தில் உள்ள இடைவெளி 12, 18 ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணியாகிய 6இன் மடங்காக இருந்தால்தான் கூடுவார்கள். இரண்டாமவர் 7ஆம் நாள் தொடங்கினால் 25ஆம் நாள் இருவரும் கூடுவர். ஒரு நாள் இடைவெளியோ, காலம் முழுவதும் பிரித்து வைக்கும்.

அதற்குத் தீர்வு உண்டா? உண்டு. இருவரில் ஒருவர் ஒரே ஒருமுறை ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் போதும். அதன்பின் 36 நாளுக்கு ஒருமுறை தவறாமல் கூடுவார்கள். யார் விட்டுக்கொடுப்பது என்பதைக் கணக்கு சொல்லாது. பத்து நாளாக நாம் கேட்ட அறங்களில் முதலாவது அதைச் சொல்கிறது.

இந்த அவையிலும் ஒரு நாள் இடைவெளியில் நின்றுபோன அண்ணன் தம்பிகள் இருக்கலாம், பங்காளிகள் இருக்கலாம். பிள்ளைகளின் நோட்டில் சிவப்புக் கோடிட்ட பெற்றோரும் இருக்கலாம். இன்று அந்த ஒரு நாளை விட்டுக்கொடுங்கள். நானும் என் சொல்லாலும் செயலாலும் எவர்க்கேனும் நோவு செய்திருந்தால் அனைவரிடமும் மன்னிப்பு வேண்டுகிறேன். உத்தமப் பொறை ஓங்குக. அறவாழி அந்தணன் திருவறம் வெல்க. ஜெய ஜினேந்திர!